இலை பச்சையா, சிவப்பா?

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் குளித்து உடை மாற்றி வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, பரிசு வாங்கிய பிள்ளைகளே, இந்த ஆண்டு பரிசு வாங்காத பிள்ளைகளே!

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். அவையெல்லாம் வேண்டியவைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நானும் அவற்றைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்று வேறொன்றைப் பேச அனுமதி கேட்கிறேன். நிறத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு வண்ணப் பெட்டியும் ஒரு தூரிகையும் எடுத்துக்கொண்டு வெளியூர் போய், வெட்டவெளியில் உட்கார்ந்து நிறம் படித்த கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

நான் போட்ட நாற்பது மதிப்பெண்

1986ஆம் ஆண்டு. அப்போது நான் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. வாரத்தில் ஒரு நாள் ஓவியப் பாடம். 'எங்கள் தோட்டம்' என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை மரம், பக்கத்தில் ஒரு வீடு. எங்கள் தோட்டத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. ஆனாலும் முப்பது பிள்ளைகளில் இருபது பேர் அதைத்தான் வரைந்தார்கள். நானும் நல்ல மதிப்பெண் போட்டேன்.

ஒரு பையன் மட்டும் பால்மரக்காட்டை வரைந்தான். வரிசை வரிசையாக மரம். வெட்டுப்பட்டை, மங்கு எல்லாம் சரியாக இருந்தன. ஆனால், இலை முழுவதும் சிவப்பு. அங்கங்கே ஆரஞ்சு, கொஞ்சம் மஞ்சள். தரையிலும் சிவப்பு.

"என்னடா இது? மரத்துல தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

"இல்ல டீச்சர், எங்க காட்டுல இப்ப எலை செவப்பாத்தான் இருக்கு டீச்சர்" என்றான்.

"இலைன்னா பச்சைதான். புத்தகத்தைப் பாரு. மறுபடியும் பச்சை போட்டுக்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன்.

அவன் என்ன செய்வான் பாவம்! புதுத் தாள் கிடையாது. சிவப்பின் மேலேயே பச்சையைப் பூசினான். சிவப்பும் பச்சையும் கலந்தால் மண் நிறம்தானே வரும்? மறுபடியும் பூசினான். தாள் ஊறி நடுவில் கிழிந்துவிட்டது. நான் நூற்றுக்கு நாற்பது போட்டு, 'கவனம் தேவை' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

அது பிப்ரவரி மாதம். பால்மரம் இலை கொட்டும் காலம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு தொடக்கத்தில் மழை குறைந்து வெயில் ஏறும்போது பால்மரம் இலையை உதிர்க்கும். உதிர்வதற்கு முன்னால் காடே மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். பிறகு வரும் புதுத் தளிர்கூட முதலில் செம்பு நிறத்தில்தான் இருக்கும். அப்புறம்தான் பச்சை. அந்தப் பையன் கண்ணால் கண்டதை வரைந்தான். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே அதே காடு நின்றது. நான் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலை கொட்டித் தளிர்க்கும் காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கைக்காசு குறையும். அந்த மாதங்களில் லயத்து வீடுகளில் பேச்சே அதுவாகத்தான் இருக்கும். அவன் வீட்டில் சிவப்பு இலை என்றால் கடைக் கணக்கு ஏறும் மாதம் என்று பொருள். அதைத்தான் நான் 'தீப்பிடித்ததா' என்று கேலி செய்தேன்.

இதையெல்லாம் அன்று நான் நினைக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மலை உச்சியில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைத்தேன்.

மலையில் மூன்று நாள்

பணி ஓய்வு பெற்ற பிறகு, 2014இல், ஓவியப் பிரியர்கள் சிலர் கேமரன் மலைக்குப் பயணப் பட்டறை போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று நாள் தங்கி வெளியிலேயே உட்கார்ந்து வரைவது. "இந்த வயசுல எதுக்கும்மா மலை ஏறிக்கிட்டு?" என்று என் மகள் கேட்டாள். "முட்டி வலிச்சா உக்காந்துதானே வரையப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய பாதை. ரிங்லெட் தாண்டினால் காற்றே மாறிவிடும். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மலைப்பகுதியை அளக்கப் போனார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஆனாலும் அந்தச் சரிவுகளில் நடக்கும்போது எனக்கு அந்நிய இடமாகத் தோன்றவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு சீனப் பெரியவர். பேச்சு மலாயில்தான். முதல் நாள் காலை ஏழரை மணிக்கே ஒரு தேயிலைச் சரிவின் எதிரே எங்களை உட்கார வைத்தார். பெரிய தாளை நான்காகக் கட்டம் பிரித்து ஒட்டச் சொன்னார். ஒவ்வொரு கட்டமும் ஓர் அஞ்சலட்டை அளவு. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம்.

"இருபது நிமிஷத்துல என்ன வரைய முடியும்?" என்று நாங்கள் கேட்டோம்.

"படம் வரைய வரல. நிறம் படிக்க வந்திருக்கோம். எலையை எண்ணாதீங்க. இங்க என்ன நிறம், அதுக்குப் பக்கத்துல என்ன நிறம், எது வெளிச்சம், எது இருட்டு. அவ்வளவுதான்" என்றார்.

என் பெட்டியைத் திறந்து பார்த்தார். கறுப்பு டியூபையும் பச்சை டியூபையும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் விட்டுவைத்தார். தேயிலைத் தோட்டத்துக்கு முன்னால் பச்சை இல்லாமல் உட்காருவது, உப்பு இல்லாமல் சமைப்பது போலத்தான் எனக்கு இருந்தது.

சரி, மஞ்சளும் நீலமும் கலந்தேன். பச்சை வந்தது. மலை முழுவதும் அதையே பூசினேன். அவர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"நீங்க மலையைப் பார்க்கல. 'தேயிலை'ங்கிற பேரைப் பார்த்து வரைஞ்சிருக்கீங்க. கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க" என்றார்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பிள்ளைகளே, நீங்களும் வீட்டுக்குப் போகும்போது இப்படிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் இலை, கிளை எல்லாம் மறைந்து பெரிய பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். வெயில் பட்ட பக்கம் ஏறக்குறைய மஞ்சள். நிழல் பக்கம் நீலம் கலந்த கரும்பச்சை. வரிசைகளுக்கு இடையில் செம்மண். தூரத்து மலை பச்சையே இல்லை, சாம்பல் பூத்த நீலம். அதே தேயிலை, அதே பச்சை என்று நான் நினைத்திருந்த இடத்தில் ஏழெட்டு நிறங்கள் இருந்தன.

பிறகு அவர் ஒரு வார்த்தை சொன்னார். "உங்க பச்சை பிளாஸ்டிக் வாளி மாதிரி பளபளன்னு இருக்கு. அதுல ஒரு சொட்டு சிவப்பு விடுங்க."

பச்சையில் சிவப்பா? விட்டேன். கலக்கினேன். பச்சை அடங்கி, உண்மையான இலையின் நிறத்துக்கு வந்தது.

அந்த இடத்தில்தான் என் கை நின்றுவிட்டது. கிழிந்த தாளோடு நின்ற பையன் நினைவுக்கு வந்தான். "எங்க காட்டுல இப்ப எலை செவப்பாத்தான் இருக்கு டீச்சர்." பத்து வயதில் அவனுக்குத் தெரிந்தது எனக்கு ஐம்பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது. அந்தக் கட்டத்தை நான் முடிக்கவே இல்லை. நேரம் ஆகிவிட்டது.

நிறம் ஏன் மாறுகிறது?

உயர்ந்த வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பெற்றோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? நமக்கும் மலைக்கும் இடையில் காற்று இருக்கிறது. சூரிய ஒளியில் நீலப் பகுதியைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கும். வானம் நீலமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். தூரம் கூடக் கூட இடையில் உள்ள காற்றும் கூடும், நீலமும் கூடும். நிழல் ஏன் நீலம் கலந்து தெரிகிறது? நிழல் என்பது நேர் வெயில் படாத இடம். அங்கே விழுவது நீல வானத்தின் வெளிச்சம். இலை ஏன் சிவக்கிறது? இலையில் உள்ள பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். அதோடு சிவப்பு நிறப் பொருளும் இலைக்குள் உண்டாகும். ஆகவே, நிறம் என்பது பொருளின் மேல் ஒட்டிவைத்த பெயர் அட்டை அல்ல. வெளிச்சம், நேரம், தூரம், பக்கத்தில் இருக்கும் நிறம் எல்லாம் சேர்ந்துதான் நிறம்.

நம் நாட்டில் இந்தப் பாடம் சீக்கிரம் நடந்து முடிந்துவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் விறுவிறு என்று மேலே ஏறிவிடும். ஏழரை மணிக்கு இருந்த நீண்ட நிழல் பத்து மணிக்கு இருக்காது. நண்பகலில் தலைக்கு மேல் வெயில், எல்லாம் தட்டையாகத் தெரியும். மாலையில் மழை பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இருபது நிமிடக் கணக்கு.

மலையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பனி இறங்கியது. தாள் காயவே இல்லை. நான் பூசிய வானம் வழிந்து தேயிலைக்குள் போய்விட்டது. பேருந்து ஓட்டுநர் என்மேல் இரக்கப்பட்டு, "இஞ்சின் மூடி சூடா இருக்கு, அதுமேல வைங்கக்கா" என்றார். வைத்தோம். பதினெட்டுப் பேருடைய படங்களும் அந்த மூடியின் மேல்தான் காய்ந்தன.

கொழுந்து எடுத்த கண்

மூன்றாம் நாள் நான் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்பதை நெருங்கும் ஓர் அம்மா கம்பு ஊன்றி வந்து எட்டிப் பார்த்தார். தோளில் துண்டு. பல வருடம் கொழுந்து எடுத்தவராம்.

"என்னம்மா வரையிற?" என்றார். முந்தைய நாள் படத்தையும் சேர்த்துக் காட்டினேன். அந்த அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே கண்ணை இடுக்கினார்.

"இது பனி வெலகுற நேரம். எட்டு மணி இருக்கும்" என்றார்.

படத்தில் கடிகாரம் இல்லை. நான் நேரம் எழுதியது தாளின் பின்பக்கம். திருப்பிப் பார்த்தேன். எட்டேகால்.

பிறகு விரலை நீட்டி, "இந்த எடத்துல தப்பு பண்ணிட்டியேம்மா. மேல இருக்கிறது கொழுந்து. கொழுந்து இம்புட்டு கறுப்பா இருக்காது. முத்தின எலைதான் இப்படி இருக்கும். கொழுந்து வெளுத்து, மஞ்சக் கலந்து இருக்கும். அத வச்சுத்தானே நாங்க கைவைக்கிறது?" என்றார்.

நான் திருத்தினேன். படம் உடனே எழுந்து நின்றது. மூன்று நாளில் எனக்கு இரண்டு ஆசிரியர்கள் கிடைத்தார்கள். ஒருவர் தூரிகை பிடித்தவர். மற்றவர் தூரிகையைத் தொட்டதே இல்லை.

பெற்றோர்களே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். "எங்களுக்கு ஓவியம் எல்லாம் எங்க டீச்சர் தெரியும்?" என்று நீங்கள் சொல்வீர்கள். நிறம் பார்த்துத்தானே நீங்கள் பிழைத்தீர்கள்? செம்பனைக் குலை கருஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறுவதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். கீழே உதிர்ந்த பழத்தையும் பார்த்து, 'இது அறுக்கலாம், இது காய்' என்று ஒரு நொடியில் சொல்கிறீர்கள். புகை போட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறமும் கறையும் பார்த்துத் தரம் பிரித்தவர்கள் உங்கள் தாத்தாமார். நெல் வயலில் இலையின் பச்சையை ஒரு நிற அட்டையோடு ஒப்பிட்டு, உரம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் முறைகூட இருக்கிறது. நிறம் பார்ப்பது விளையாட்டு அன்று. அது ஒரு தொழிலறிவு. அந்தக் கண் உங்கள் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. நாங்கள்தான் வகுப்பறையில் வைத்து அதை மூடிவிடுகிறோம்.

பயணம் போய் வரைந்தவர்கள்

வெளியில் போய் நிறம் படிப்பது இன்று நேற்று வந்ததல்ல. பிரான்சு நாட்டு ஓவியர் வாலென்சியென்ஸ் 1800இல் வெளியிட்ட நூலிலேயே, வெளியில் வரையும் பயிற்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, சூரிய உதயமும் மறைவும் என்றால் அரை மணி நேரம்தான் என்று எழுதினார். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் இலண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட் என்ற மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்தார். பல படங்களின் பின்பக்கத்தில் நாள், மணி, காற்று அடித்த திசை எல்லாவற்றையும் குறித்துவைத்தார். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், அமுக்கினால் வண்ணம் வரும் உலோக டியூபைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள். டியூப் வந்த பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவது எளிதாயிற்று. மோனே 1890, 1891இல் வைக்கோல் போர்களையே பல படங்களாக வரைந்தார். வெளிச்சம் மாறினால் அந்தத் துணியை வைத்துவிட்டு வேறு துணியை எடுப்பார்.

நம் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென், கடற்கரையையும் மீனவர் குடிசைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து புகழ் பெற்றார். 1952இல் சிங்கப்பூரிலிருந்து லியு காங், சென் சோங் சுவீ, சென் வென் ஸி, சியோங் சூ பியெங் ஆகிய நான்கு ஓவியர்கள் பாலித் தீவுக்குப் பயணம் போனார்கள். அங்கே பார்த்துக் குறித்துக்கொண்டு வந்ததை வைத்து வரைந்து, 1953இல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்தார்கள். தென்கிழக்காசியாவின் ஓவிய வரலாற்றில் அந்தப் பயணத்துக்குத் தனி இடம் உண்டு. அவர்கள் போனது இந்த மண்ணின் வெயிலையும் நிறத்தையும் கண்ணால் பார்க்க. ஐரோப்பாவின் வெயில் வேறு, சீனாவின் மூடுபனி வேறு, நம் வெயில் வேறு. அதை நம் பிள்ளைகள் நாள்காட்டிப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

அந்தப் பையன்

நிற்க. அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள்.

2015இல் ஒரு கலியாண வீட்டில் பார்த்தேன். பையன் என்று சொல்லக் கூடாது, நாற்பதை நெருங்கிய ஆள். லாரி ஓட்டுகிறார். அவரே வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் வளர்ந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு ஒரு பகுதி வீடமைப்பாகிவிட்டது. பள்ளியும் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, "தம்பி, நாலாம் வகுப்புல நீ ஒரு படம் வரைஞ்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கு டீச்சர். தாள் கிழிஞ்சு போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"நீ வரைஞ்சதுதான் சரி. நான்தான் தப்பு. எனக்கு இப்பத்தான் புரிஞ்சது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க டீச்சர், அதெல்லாம் பழைய கதை" என்றார். ஆனால், அதற்குப் பிறகு படம் வரைந்ததுண்டா என்று நான் கேட்டபோது, இல்லை என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் அவருடைய மகள் நின்றாள். மூன்றாம் வகுப்பு. "இவ சும்மா கிறுக்கிக்கிட்டே இருப்பா டீச்சர்" என்றார்.

மறு ஆண்டு பிப்ரவரியில் தொலைபேசியில் அழைத்து, அருகில் இன்னும் பால்மரம் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் ஒருவரிடம் அனுமதி வாங்கியிருப்பதைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பழைய மைலோ டின்னில் தண்ணீர், மூன்று வண்ணம், ஒரு டிராயிங் புளோக். காடு முழுவதும் சிவந்து நின்றது. தரையில் சருகு. நடந்தால் சலசல என்று சத்தம்.

பிள்ளை உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். அவர் தூரத்தில் மோட்டார் சைக்கிள் பக்கமே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்தார். அப்புறம் குனிந்தார்.

"அந்த ஓரத்து மரத்தைப் பாரு. அது அவ்வளவு செவப்பு இல்ல. தளிர் விட ஆரம்பிச்சிருச்சு. செம்பு மாதிரி இருக்கு பாரு" என்று மகளிடம் சொன்னார்.

நான் ஆசிரியை. முப்பது ஆண்டுகள் பேசியே பழக்கப்பட்ட வாய். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் தூரிகை தொடாத அந்தக் கண், ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இன்னும் மறக்காமல் வைத்திருந்தது. நான் போட்ட நாற்பது மதிப்பெண் அந்தக் கண்ணைக் கெடுக்கவில்லை. ஆனால், கையைக் கட்டிவிட்டது. அதைத் திருப்பித் தர என்னால் முடியாது.

மூன்று வேண்டுகோள்

பெற்றோர்களே, "படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பிள்ளையும் ஓவியர் ஆகமாட்டார்கள். ஆகவும் வேண்டாம். நான் கேட்பது ஞாயிற்றுக்கிழமையில் இருபது நிமிடம். டியூஷனை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை எதிரே இருப்பதைப் பார்த்து வரைந்தால் அதன் பின்பக்கத்தில் நாள், மணி, இடம் எழுதிப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். நம் தோட்டங்களின் நிழற்படங்கள் குறைவு. அந்தக் காலத்து நிழற்படங்கள் பல கறுப்பு வெள்ளை. லயத்துக் கூரை என்ன நிறத்தில் துருப்பிடித்திருந்தது, கோயில் கோபுரத்தில் மாலை வெயில் எப்படி விழுந்தது என்பதை யார் எழுதிவைத்தார்கள்? இடம் போன பிறகு நிறத்தைத் தேட முடியாது.

ஆசிரியர்களே, என் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். தவணைக்கு ஒரு முறையாவது ஓவியப் பாடத்தை வகுப்புக்கு வெளியே நடத்துங்கள். திடல் போதும், பள்ளி வேலியோரம் போதும். பிள்ளை வேறு நிறம் போட்டால், சிவப்பு மையை எடுப்பதற்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே ஒரு முறை பாருங்கள். "எங்க பார்த்தே?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு வேலை கொடுக்காமல் போகமாட்டேன். தாளை நான்காக மடியுங்கள். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரே இடம், ஒரே மரம். மூன்று வண்ணம் மட்டும், மஞ்சள், சிவப்பு, நீலம். கறுப்பு வேண்டாம். ஓர் அட்டையில் சின்னத் துளை போட்டு அதன் வழியாகப் பாருங்கள். துளைக்குள் தெரிவது மரமா சுவரா என்று யோசிக்காதீர்கள், அது என்ன நிறம் என்று மட்டும் கேளுங்கள். பெரிய திட்டை முதலில் போடுங்கள். வெளிச்சமான இடம் முதலில், இருட்டு கடைசியில். இருபது நிமிடம் ஆனதும் தூரிகையைக் கீழே வையுங்கள். அழகாக இல்லை என்று கிழிக்காதீர்கள். அது படம் அல்ல, பாடக் குறிப்பு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே மரத்துக்கு எத்தனை நிறம் என்று நீங்களே உங்கள் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

இன்று மேடையில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளில் யாராவது இந்த ஆண்டு இலைக்குச் சிவப்பு போட்டிருந்தால், அந்தப் பிள்ளையை விழா முடிந்ததும் என்னிடம் அனுப்புங்கள். கைப்பையில் ஒரு வண்ணப் பெட்டி வைத்திருக்கிறேன்.